தலைக்கணக்கு

வானொலி நேயர்களுக்கு வணக்கம். நம் சேலத்து ரோடு வண்டிகளுக்கா, மனிதர்களுக்கா என்று பேச வந்திருக்கிறேன். நான் 32 வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். வீடு அம்மாபேட்டையில், பள்ளிக்கூடம் சேலத்தின் இன்னொரு கோடியில். அத்தனை வருடமும் டவுன் பஸ்ஸில்தான் போய் வந்தேன். ரோடு போடும் படிப்பு நான் படித்ததில்லை. ஆனால் ரோட்டைக் கடக்கக் காத்து நின்ற நிமிடங்களைக் கூட்டிப் பார்த்தால், ராத்திரி பகல் சேர்த்து ஒரு மாதத்துக்கு மேல் தேறும்.

ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்குப் புள்ளியியல் நடத்திக்கொண்டிருந்த சமயம். ஒரு சனிக்கிழமை காலை பிள்ளைகளை ஒரு சிக்னலுக்குக் கூட்டிப் போனேன். "போகிற வண்டிகளை எண்ணுங்கள், கார், பைக், பஸ் என்று தனித்தனியாக எழுதுங்கள்" என்றேன். எல்லாரும் ஐந்து ஐந்தாகக் கோடு போட்டு எண்ணினார்கள். திரும்பி வந்து நோட்டைப் பார்த்தால், ஒரு பெண் மட்டும் வேறு மாதிரி எழுதியிருக்கிறாள். "டீச்சர், நான் வண்டியை எண்ணலை, ஆளை எண்ணினேன். தப்பா?" என்று கேட்டாள். பயந்துபோய்த்தான் கேட்டாள்.

அவள் நோட்டில் ஒரே ஒரு பச்சை விளக்கின் கணக்கு. ஒன்பது கார், உள்ளே 13 பேர். அந்த ஒன்பது காருக்குப் பின்னால் ஒரு டவுன் பஸ், படிக்கட்டு வரை கூட்டம், அறுபதுக்குக் குறையாது. கார்கள் போய் முடிந்ததும் விளக்கு சிவப்பாகிவிட்டது, பஸ் நின்றுவிட்டது. மற்ற பிள்ளைகளின் பட்டியலில் கார் ஒன்பது, பஸ் சைபர். இவள் பட்டியலில், போனவர்கள் 13, நின்றவர்கள் அறுபது. அப்புறம் கடைசியில் இன்னொரு கட்டம் போட்டிருந்தாள், நடந்து போனவர்களுக்கு. என் கேள்வியில் நடப்பவர்களே இல்லை. கேள்வியைத் தப்பாகக் கேட்டவள் நான்தான்.

அன்றைக்குப் பிடித்ததுதான், இன்று வரை விடவில்லை. ரோட்டில் தலையை எண்ண வேண்டும். 2006-ல் வந்த தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை சொல்வதும் இதுதான்: ரோட்டைப் பங்கிடும்போது வண்டிகளை விட மனிதர்களே முக்கியம். நம் ஊரில் நெரிசல் என்றதும் அகலப்படுத்து, பாலம் கட்டு என்கிறோம். ஐந்து ரோடு சந்திப்பில் 2020-ல் ஈரடுக்கு மேம்பாலம் திறந்தார்கள். மேலே போகிறவர்களுக்கு நேரம் மிச்சம், மறுக்கவில்லை. ஆனால் பாலத்தில் பஸ் ஸ்டாப் கிடையாது, நடக்கவும் முடியாது. தலைக்கணக்கு போட்டால் கூட்டம் முழுவதும் கீழேதான் இருக்கிறது.

நடைபாதைக்கு வருகிறேன். சாக்கடை மேல் பலகைக் கல்லைப் பரப்பிவிட்டு அதையே நடைபாதை என்கிறோம். ஒரு கல் ஆடும், அடுத்த கல் இருக்காது. ஒவ்வொரு கேட் வரும்போதும் இறங்கி ஏற வேண்டும். எங்கள் தெருவில் பூ விற்கும் அம்மா இடுப்பில் கூடையோடு வருவார். ஒரு கையால் சுவரைப் பிடித்து, ஒரு காலைக் கீழே வைத்து, கொஞ்சம் நின்று, அப்புறம்தான் அடுத்த காலை இறக்குவார். இரண்டு தடவை அப்படி இறங்கி ஏறியதும், மூன்றாவது கேட்டிலிருந்து ரோட்டிலேயே நடக்க ஆரம்பித்துவிடுவார். பின்னால் வருகிற வண்டி ஹாரன் அடித்து அவரைத் திட்டும். ரோடுகளுக்கு விதி வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலம் வேண்டும், நடைபாதை உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஒரு சாண் உயரத்துக்கும் குறைவு. அது போதும், அந்த அம்மா ரோட்டில் இறங்க மாட்டார்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எவ்வளவு பெரிய காரியம்! ஆனால் பஸ் பயணம் பஸ்ஸிலா தொடங்குகிறது? வீட்டு வாசலில் தொடங்குகிறது. ஸ்டாப் வரை நடந்துதானே வர வேண்டும்? ஸ்டாப்பில் ஷேர் ஆட்டோ நிற்கிறது, பஸ் நடு ரோட்டில் நிற்கிறது, பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடுகிறோம். ஓமலூர் ரோடு மாதிரி அகலமான இடத்தில் காலையிலும் மாலையிலும் ஒரு ஓரத்தை பஸ்ஸுக்கு மட்டும் விட்டால் என்ன? அந்தப் பெண்ணின் நோட்டில் நின்றுபோன அறுபது பேரும் அந்தப் பச்சை விளக்கிலேயே போயிருப்பார்கள்.

கடைக்காரர்கள் கவலைப்படுவார்கள், தெரியும். வண்டி வராவிட்டால் வியாபாரம் போய்விடுமே என்பார்கள். சென்னை பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதையை அகலமாக்கினார்கள். இன்றைக்கும் அங்கே துணி எடுக்கப் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அவ்வளவு தூரம் எதற்கு? ஆடி மாதம் நம் ஊர் குகைப் பகுதியில் வண்டி வேடிக்கைத் திருவிழா அன்று தெருவில் கார் நுழைய முடியுமா? சாமி வேஷம் கட்டியவர்கள் அலங்கார வண்டிகளில் வருவார்கள், இரண்டு பக்கமும் ஜனம். பொரி, வளையல், ஐஸ் எல்லாம் விற்றுத் தீரும். தாத்தா பேத்தியைத் தோளில் வைத்துக்கொண்டு நடு ரோட்டில் நிற்பார், யாரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள். செவ்வாய்பேட்டை, முதல் அக்ரகாரம் கடைத்தெருக்களிலும் சாயங்காலம் இரண்டு மணி நேரமாவது அப்படி விட்டுப் பார்க்கலாம். சரக்கு இறக்குவதை ராத்திரியில் வைத்துக்கொள்ளலாம்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சைக்கிளைப் பற்றித்தான் நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசாங்கம் சைக்கிள் கொடுக்கிறது. நம் ஊரில் கோட்டைப் பகுதியிலிருந்து அஸ்தம்பட்டிக்கு சைக்கிளில் கால் மணி நேரம்கூட ஆகாது. ஆனால் லாரிக்குப் பக்கத்தில் ஓட்ட அனுப்ப எந்த அம்மாவுக்கும் மனசு வராது, சைக்கிள் திண்ணையிலேயே நிற்கிறது. பள்ளிக்கூடங்களைச் சுற்றியுள்ள தெருக்களில் வண்டிகள் முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. உலக சுகாதார நிறுவனமும் அதைத்தான் கேட்கிறது. அதோடு, பழைய, புதிய பஸ் நிலையங்கள் இரண்டிலும் சைக்கிளைப் பூட்டி வைக்கக் கூரை போட்ட இடம் வேண்டும், ஏறும் இடத்துக்குப் பக்கத்திலேயே. வணக்கம்.