எறும்பு ஏறுகிறதா, பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டு வாசலில் நிற்கும் அழகு மரங்களில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும் அசுவினிப் பூச்சியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். செடிப்பேன் என்றும் சொல்வோம். நர்சரியில் கேட்டால் மலாயில் குத்து டாவுன் என்பார்கள். எந்தப் பெயரில் கேட்டாலும் பல கடைகளில் முதலில் எடுத்து நீட்டுவது ஒரு மருந்துப் புட்டியைத்தான். அதை வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. பல வீடுகளில் அதோடு தொல்லை தீர்ந்தும் விடும்.

முதலில், வந்திருப்பது அசுவினிதானா என்று பாருங்கள். கோலாலம்பூரில் செந்தூலோ செராஸோ, நம்மவர்கள் வீட்டு வாசலில் ஒரு செம்பருத்தி இருக்கும். 1960-இல் அதை நம் நாட்டின் தேசிய மலராக்கினார்கள். அசுவினிக்கும் அது மிகவும் பிடித்த செடி. மொட்டுக்குக் கீழே உள்ள இளம் தண்டைத் திருப்பிப் பாருங்கள். பச்சையாகவோ மஞ்சளாகவோ கருப்பாகவோ, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில், பின்பக்கம் பருத்த பூச்சிகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். முதுகின் பின்முனையில் இரண்டு குட்டிக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம், அசுவினிதான். பஞ்சு ஒட்டியதுபோல் இருந்தால் மாவுப்பூச்சி. கிளையை ஆட்டியதும் வெள்ளையாகக் கிளம்பிப் பறந்தால் வெள்ளை ஈ.

அசுவினி இருக்கும் இலையில் வெள்ளைத் தூள் கிடக்கும். அதை முட்டை என்று நினைத்துப் பலர் பயப்படுகிறார்கள். முட்டையில்லை, பூச்சி வளர வளர உரித்துப் போட்ட தோல். நம் ஊர் வெப்பத்தில் இது முட்டையிட மெனக்கெடுவதில்லை. ஆண் துணையே இல்லாமல் பெண் பூச்சி நேரடியாகக் குட்டி போடும். அந்தக் குட்டி பிறக்கும்போதே அதன் வயிற்றில் அடுத்த தலைமுறை உருவாகத் தொடங்கியிருக்கும். ஒரு வாரம், பத்து நாளில் குட்டி தாயாகிவிடும். போன வாரம் சுத்தமாக இருந்த செடி இந்த வாரம் எப்படி இப்படி ஆனது என்பதற்கு விடை இதுதான். கூட்டம் நெருக்கமானதும் சிறகோடு சில பூச்சிகள் தோன்றி, பக்கத்து வீட்டுக்குக் குடிபோகும்.

இலைச்சாற்றில் சர்க்கரை அதிகம், புரதம் தயாரிக்கத் தேவையான சத்துக் குறைவு. அந்தக் கொஞ்சத்துக்காக இது ஓயாமல் உறிஞ்சி, மிஞ்சிய சர்க்கரைத் தண்ணீரைப் பின்வழியாக வெளியே விட்டுவிடுகிறது. இலை பளபளப்பதும், மரத்தடியில் நிறுத்திய கார்க் கண்ணாடி பிசுபிசுப்பதும் அதனால்தான். அதன்மேல் கரும்பூசணம் படரும். அது இலையைத் தின்பதில்லை, வெளிச்சத்தை மறைக்கும், அவ்வளவுதான். அதற்கென்று தனி மருந்து தேட வேண்டாம். பூச்சி போனால், மழையில் கழுவக் கழுவ அதுவும் போய்விடும்.

சரி, எறும்புக்கு வருவோம். என்னைக் கேட்டால், அசுவினித் தொல்லை நீடிப்பதற்குப் பாதிக்காரணம் எறும்புதான். அந்தச் சர்க்கரைத் தண்ணீருக்காக எறும்புகள் அசுவினிக்குக் காவல் நிற்கின்றன. உணர்கொம்பால் முதுகைத் தட்டும், சொட்டு வரும், குடித்துவிட்டு அடுத்ததிடம் போகும். பொறிவண்டு பக்கத்தில் வந்தால் கூட்டமாகச் சேர்ந்து விரட்டும். அடிமரத்தில் எறும்புச் சாரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தால், மேலே யாரோ தேன் சொரிகிறார்கள் என்று அர்த்தம். அசுவினி, மாவுப்பூச்சி, செதில்பூச்சி, எதுவாகவும் இருக்கலாம்.

எறும்பைத் தடுக்கத் தண்டில் ஒரு சாண் அகலத்துக்குத் துணியோ டேப்போ இறுக்கமாகச் சுற்றி, அதன்மேல் வாசலின் களிம்பைத் தடவுங்கள். பட்டையில் நேரடியாகத் தடவ வேண்டாம், மரத்துக்கு ஆகாது. சுற்றியதை அவ்வப்போது அவிழ்த்துத் தளர்த்துங்கள், மரம் பருக்கும் அல்லவா. இதைச் செய்துவிட்டும் எறும்பு வருகிறதே என்பவர்கள் மேலே பார்க்க வேண்டும். ஒரு கிளை வேலியைத் தொட்டுக்கொண்டிருக்கும், இன்னொன்று கூரைத் தகரத்தில் சாய்ந்திருக்கும். அந்தப் பாலங்களை வெட்டினால்தான் தண்டில் தடவிய வாசலினுக்குப் பலன். கெரெங்கா என்கிற செவ்வெறும்பு கூடு கட்டியிருந்தால் கொஞ்சம் யோசித்துச் செய்யுங்கள். அது இலை தின்னும் புழுக்களையும் வேட்டையாடும். ஆனால் வாசலில் சிறு பிள்ளைகள் விளையாடும் வீட்டில் அந்தக் கடியோடு குடித்தனம் நடத்த முடியாது.

எறும்பு நின்றதும் இருக்கும் பூச்சியைத் தண்ணீரால் அடியுங்கள். குழாயின் வாயை விரலால் பாதி மூடி, இலையின் அடிப்பக்கம் படும்படி வேகமாகப் பீய்ச்சுங்கள். கீழே விழும் அசுவினிகளில் பெரும்பாலானவை திரும்பி ஏறுவதில்லை. காலையில் செய்தால் இலை சீக்கிரம் காயும். நாலைந்து நாள் கழித்து இன்னொரு முறை. கோலாலம்பூரில் மாலை மழை அடித்துப் பெய்யும் மாதங்களில் இந்த வேலையை வானமே செய்துவிடுகிறது. அதனால்தான் வெளியே நிற்கும் செடி தப்பிக்க, கார் நிறுத்தும் கூரைக்கு அடியிலும் ஃப்ளாட் பால்கனியிலும் இருக்கும் செடிகள் அதிகம் அவதிப்படுகின்றன. மழை படாத செடிக்கு மழையாக நீங்கள்தான் இருக்க வேண்டும். ஒன்று மட்டும், கழுவி முடித்ததும் தொட்டித் தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அசுவினியை ஓட்டி ஏடிஸ் கொசுவை வளர்க்க வேண்டாம்.

அப்படியும் போகவில்லையா? ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம், தேவைப்பட்டால் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், நன்றாகக் குலுக்கி மாலையில் தெளியுங்கள். ஈரமாகப் பூச்சியின் உடம்பில் பட்டால்தான் சோப்பு வேலை செய்யும், காய்ந்த பிறகு பயனில்லை. முதலில் இரண்டு மூன்று இலையில் தெளித்து, மறுநாள் கருகவில்லை என்று பார்த்துக்கொண்டு மற்றதற்குத் தெளிக்கலாம். உச்சி வெயிலில் வேண்டவே வேண்டாம்.

தெளிக்குமுன் அந்தக் கூட்டத்துக்குள் நன்றாகத் தேடிப் பாருங்கள். முதலைக்குட்டிபோல் நீண்டு, கருப்பு உடம்பில் வெளிர் புள்ளிகளோடு ஆறு காலில் ஓடுகிறதே, அது பொறிவண்டின் புழு. பார்க்கப் பயங்கரமாக இருப்பதால் அதைத்தான் முதலில் நசுக்குகிறார்கள். ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்னும் பிள்ளை, விட்டுவிடுங்கள். உப்பி, பழுப்பாகி, காகிதம்போல் காய்ந்த அசுவினிகள் தெரிந்தால் இன்னும் நல்லது. முதுகில் வட்டமாக ஓட்டை இருக்கும். உள்ளே முட்டையிட்ட ஒரு சிறு குளவியின் பிள்ளை தின்று வளர்ந்து வெளியே பறந்த வழி அது. இந்த இரண்டும் கண்ணில் பட்ட செடிக்கு ஒன்றும் தெளிக்காமல் ஒரு வாரம் விடுங்கள். கடுமையான மருந்து அடித்தால் இவைதான் முதலில் சாகும். தப்பித்த நாலு அசுவினி பத்தே நாளில் பழைய கூட்டத்தைக் கொண்டுவந்துவிடும். காவலுக்கு அப்போது ஆளிருக்காது.

வேரில் ஊற்றினால் செடி முழுக்கப் பரவும் மருந்துகளை நான் வீட்டுக்குச் சிபாரிசு செய்வதில்லை. அது பூந்தேனிலும் வரும். செம்பருத்திக்குத் தேன்சிட்டு வருகிறது, கெலுலுட் என்கிற கொட்டாத தேனீ வருகிறது, சாமிக்குப் பறிக்க நீங்களும் வருகிறீர்கள். எந்த மருந்து வாங்கினாலும் 1974-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவானதா என்று லேபிளைப் பாருங்கள். பெயர் ஒட்டாத புட்டியை வாங்காதீர்கள்.

அரளி மட்டும் கொஞ்சம் வேறு கதை. கோயில் வளாகங்களில் அரளி நுனியில் பளிச்சென்ற மஞ்சளில், கருப்புக் காலோடு ஓர் அசுவினி அப்பியிருக்கும். அரளியின் விஷத்தை அது தன் உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்வதால், தின்னும் பொறிவண்டுகளில் பலவற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஆகவே அரளியில் பொறிவண்டை நம்பிக் காத்திருக்க வேண்டாம். தண்ணீர் அடியுங்கள், இல்லையென்றால் கையுறை போட்டு நுனியைக் கிள்ளி மூடிய பையில் போடுங்கள். அரளிக் கழிவை எரிக்கக் கூடாது, அந்தப் புகையும் விஷம்.

உரத்தில் கை தாராளமாக இருக்கும் வீடுகளில் அசுவினியும் தாராளமாக இருக்கும். யூரியா கண்டபடி போட்டால் சாறு நிறைந்த இளந்தளிர் குபுகுபுவென்று வரும், அது அசுவினிக்கு வைத்த விருந்து. கெமுனிங் என்கிற வெள்ளைப் பூச்செடி வேலியை அடிக்கடி மொட்டையடிப்பதும் அப்படித்தான். சுங்கை பூலோ நர்சரியிலிருந்து புதுச் செடி வாங்கி வந்தால், இலையின் அடிப்பக்கம் பார்த்துவிட்டு ஒரு வாரம் தனியாக வையுங்கள்.

சாலையோரத்து உயர்ந்த மரத்தை என்ன செய்வது என்று கேட்பீர்கள். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். வளர்ந்த மரம் இதனால் சாவது அபூர்வம். ஏணி போட்டு ஏறாதீர்கள், அவ்வளவு உயரத்துக்கு மருந்து அடித்தால் காற்றில் பக்கத்து வீட்டுத் துணிமேல்தான் விழும். கிளை காய்ந்திருந்தால் மாநகர் மன்றத்திடம் சொல்லுங்கள். காரை மட்டும் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் சுரண்டாமல், ஈரத்துணியை ஐந்து நிமிடம் போட்டு ஊறவைத்துத் துடைத்தால் பெயிண்ட்டில் கீறல் விழாது.

இப்போது தொலைபேசியில் கேள்வி கேட்கலாம் என்கிறார்கள். கேட்பவர்கள் என்ன செடி, கூரைக்கு அடியிலா வெளியிலா, எறும்பு ஏறுகிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பதில் சொல்ல எனக்கு வசதியாக இருக்கும். வணக்கம்.