நடுத்திட்டில் அரளி எதற்கு?

(காட்சி: இரவு, நான்குவழிச் சாலை. ஹெட்லைட் வெளிச்சத்தில் அரளி வரிசை.)

சென்னை–திருச்சி சாலையில் போயிருந்தால் இந்த அரளியைப் பார்த்திருப்பீர்கள். வெயிலைத் தாங்கும், தண்ணீர் அதிகம் கேட்காது. விஷச்செடி என்பதால் ஆடு மாடு வாய் வைக்காது. அழகுக்கு வைத்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் எதிர்ப்பக்கத்து ஹெட்லைட்டை மறைப்பதுதான் அதன் முக்கிய வேலை.

செடிக்குச் செடி இடைவெளி இருக்கிறதே, அது வழியே வெளிச்சம் வராதா?

(காட்சி: தென்னந்தோப்பு, பகல்.)

தோப்புக்கு நேர் எதிரே நின்றால் மரங்களுக்கு நடுவே அந்தப் பக்கம் தெரியும். வரிசையை ஒட்டி நின்று சாய்வாகப் பாருங்கள், மரங்கள் சுவர்போலச் சேர்ந்துகொள்ளும். எதிரே வரும் வெளிச்சமும் சாய்வாகத்தான் வருகிறது. கார் ஓட்டுபவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும். செடி அதைவிடக் கொஞ்சம் வளர்ந்திருந்தால் போதும்.

சிக்கல் எங்கே என்றால், யூ-டர்ன் இடைவெளியில். திரும்பும் வண்டி தெரிய வேண்டுமே, அங்கே செடியை வளரவிட முடியாது. அதுவரை இருட்டுக்குப் பழகியிருந்த கண்ணில் சட்டென்று வெளிச்சம் அடிக்கும். அந்த ஒளி கண்ணுக்குள் சிதறி வெள்ளைத் திரைபோலப் படரும். கண்புரை தொடங்கியவர்களுக்கு இது இன்னும் மோசம். வண்டி கடந்துபோன பிறகும் கண் தெளியச் சில விநாடி ஆகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒவ்வொரு விநாடிக்கும் 22 மீட்டர் போய்விடுகிறோம். குறுக்கே ஆள் நிற்பதும் பெரும்பாலும் இதே இடத்தில்தான்.

அதனால் இடைவெளி வருவதற்கு முன்பே ஆக்சிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்துங்கள். வெளிச்சத்தை முறைக்காமல் இடப்பக்க வெள்ளைக்கோட்டைப் பிடித்துக்கொண்டு போங்கள். மஞ்சள் கண்ணாடி வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். அது இருக்கிற வெளிச்சத்தையும் குறைக்கும், அவ்வளவுதான்.

நடுத்திட்டே இல்லாத இருவழிச் சாலையில் அரளி கிடையாது, டிம் மட்டும்தான். “அவன் முதலில் டிம் பண்ணட்டும்” என்று இரண்டு பேரும் வீம்பு பிடித்தால், இரண்டு பேருக்கும் ரோடு தெரியாது.

டிம்மில் போட்டும் எதிரே வருபவர் லைட் அடித்துத் திட்டுகிறாரா? டிக்கியைப் பாருங்கள். பின்னால் பாரம் ஏறினால் காரின் மூக்கு தூக்கும், ஹெட்லைட்டும் கூடவே மேலே போகும். அதற்காகவே பல கார்களில் ஸ்டீயரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று ஒரு சின்னத் திருகு இருக்கிறது. எண் கூடக்கூட வெளிச்சம் கீழே இறங்கும்.

(காட்சி: திருகைச் சுழற்றும் கை. சுவரில் வெளிச்சம் இறங்குகிறது.)

என் காரில் இது இருப்பதே எனக்கு மூன்று வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை, சீட்டு கொஞ்சம் உயரமாக இருப்பதற்கான திருகு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.