வீட்டுக்கு அனுப்பும் இயந்திரம்

உதகை வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம். கோத்தகிரிப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராகப் பணியாற்றி அண்மையில் ஓய்வு பெற்றவன் நான். மனத்தில் நின்ற ஒரு திரைப்படத்தைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் கேட்டபோது, 2023ஆம் ஆண்டு சூன் மாதம் தமிழ் உட்படப் பத்து மொழிகளில் நம் நாட்டில் வெளியான 'ஸ்பைடர்மேன்: அக்ராஸ் தி ஸ்பைடர்வெர்ஸ்' என்ற அனிமேஷன் படத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். சிலந்தி மனிதன் கதை சிறுவர்களுக்கானது என்று நினைப்பவர்கள் நேயர்களில் பலர் இருக்கலாம். என் பேரனுக்குத் துணையாகக் கோயம்புத்தூருக்கு இறங்கிப் போய் அந்தப் படத்தைப் பார்க்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சிலந்தி மனிதன் என்ற பாத்திரத்தை ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 1962ஆம் ஆண்டு ஒரு சித்திரக்கதை இதழில் படைத்தார்கள். அந்த முகமூடிக்குள் இருந்தவன் பீட்டர் பார்க்கர் என்ற வெள்ளைக்கார மாணவன். நான் சொல்லவரும் படத்தின் நாயகன் அவன் அல்லன். 2011ஆம் ஆண்டு பிரையன் மைக்கேல் பெண்டிஸ் எழுத, இத்தாலிய ஓவியர் சாரா பிக்கெல்லி வரைந்து பிறந்த மைல்ஸ் மொராலெஸ் என்ற சிறுவன் அவன். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வசிப்பவன். தந்தை கறுப்பினத்தவர், காவல்துறையில் பணிபுரிபவர். தாய் போர்ட்டோ ரிக்கோவைப் பூர்விகமாகக் கொண்டவர், செவிலியர். தாயோடு பேசும்போது ஸ்பானிய மொழியும் ஆங்கிலமும் கலந்து வரும். வீட்டில் படுக மொழியும் வகுப்பில் தமிழும் பேசிய பிள்ளைகளும், மலையாளத்தில் அழுது தமிழில் சமாதானமான பிள்ளைகளும் நிறைந்த வகுப்பறைகளில் காலம் கழித்த எனக்கு, அந்தச் சிறுவனை அடையாளம் கண்டுகொள்வதில் எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

அவனுடைய கதையின் முதற்பாகம் 2018ஆம் ஆண்டு இறுதியில் வெளியாகி, 2019இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. பாப் பெர்சிக்கெட்டி, பீட்டர் ராம்சே, ராட்னி ராத்மன் ஆகிய மூவர் அதை இயக்கினார்கள். ஓர் ஓவிய ஆசிரியனாக நான் முதலில் வியந்தது கதையைக் கண்டு அன்று; கதையில் சொல்லப்படாத பலவற்றைக் கோடும் வண்ணமும் சொல்லியிருப்பதைக் கண்டுதான் வியந்தேன். காதால் மட்டும் கேட்கும் உங்களுக்கு அதை விளக்க முயல்கிறேன்.

நம் உதகையின் இந்து நகரில் படச்சுருள் தயாரான காலத்தை அறிந்த பெரியவர்களுக்கு ஒரு நொடிக்கு 24 சட்டங்கள், அதாவது ஃபிரேம்கள், என்ற கணக்கு நன்றாகத் தெரியும். 24 அசையாப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடினால் நம் கண்ணுக்கு ஒரு நொடி அசைவு கிடைக்கிறது. அனிமேஷன் கலைஞர்கள் சட்டத்துக்கு ஒரு நிலை வீதம் 24 நிலைகளை அமைப்பதும் உண்டு. ஒரே நிலையை இரண்டு சட்டங்களுக்கு நிறுத்தி, நொடிக்குப் பன்னிரண்டோடு முடித்துக்கொள்வதும் உண்டு. முதல் வகையில் அசைவு வழுக்கிக்கொண்டு ஓடும். இரண்டாம் வகையில் சற்றே தெறித்துத் தெறித்து நடக்கும். இந்த முதற்பாகத்தில், பனி மூடிய ஒரு காட்டுக்குள், அனுபவம் மிக்க மூத்த சிலந்தி மனிதரும் மைல்ஸும் மரத்துக்கு மரம் நூல் வீசித் தப்பி ஓடுகிறார்கள். மூத்தவர் நொடிக்கு 24 நிலைகளில் நகர்கிறார். பக்கத்திலேயே வரும் சிறுவன் பன்னிரண்டில் நகர்கிறான். ஒரே காட்டில், ஒரே திரையில், இரண்டு நடைகள். ஏன் அந்தச் சிறுவன் தடுமாறுவதாகத் தோன்றுகிறது என்று பார்ப்பவருக்குத் தெரியாது; ஆனால் தடுமாற்றம் கண்ணில் படுகிறது. அவன் கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள அவனுடைய அசைவும் நிரம்புகிறது. ஒரு மாணவனின் கை பழகுவதை ஆண்டுக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் இந்த நுட்பத்தின் உண்மை முழுதாக விளங்கும் என்று நினைக்கிறேன்.

பின்னர் வரும் ஒரு காட்சியில் அவன் வானுயர்ந்த கட்டடத்தின் உச்சியிலிருந்து குதிக்கிறான். அச்சத்தில் அவன் விரல்கள் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. குதிக்கும்போது அந்தக் கண்ணாடியும் பெயர்ந்து நொறுங்குகிறது. காட்சியைத் தலைகீழாகத் திருப்பியிருப்பதால், விழுகிறவன் மேலே எழுகிறவனாகத் தெரிகிறான். இதை நான் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய சித்திரக்கதைகள் மலிவான தாளில், புள்ளி புள்ளியாக நிறம் வைத்து அச்சானவை. படத்தை உருவாக்கியவர்கள் அந்தப் புள்ளிகளையும் குறுக்குக் கோடுகளையும் திரைக்கே கொண்டுவந்தார்கள். அதோடு நிற்கவில்லை. தொலைவிலுள்ள பொருளை மங்கலாகக் காட்டுவதற்குப் பதிலாக, அச்சில் ஒரு நிறம் மற்றொன்றின் மேல் சரியாகப் பொருந்தாமல் விலகி நிற்குமே, அந்தப் பிழையையே தொலைவின் அடையாளமாக ஆக்கினார்கள். சிவகாசியில் அச்சான பழைய நாட்காட்டிகளில் முருகன் இதழின் சிவப்பு, கோட்டைத் தாண்டி ஒரு மயிரிழை விலகி நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியை ஒரே புத்தகமாக ஒரு வகுப்பே கைமாற்றிப் படித்த தலைமுறை நாங்கள். அந்தத் தாளின் நினைவு கணினியில் செய்த ஒரு படத்தில் எதிரில் வந்து நின்றபோது, என் தொழிலுக்கு யாரோ மரியாதை செய்துவிட்டதாக உணர்ந்தேன்.

இரண்டாம் பாகத்தை வாக்கிம் டோஸ் சாண்டோஸ், கெம்ப் பவர்ஸ், ஜஸ்டின் தாம்சன் ஆகியோர் இயக்கினார்கள். இதில் மைல்ஸ் தன் உலகை விட்டு வேறு உலகங்களுக்குள் நுழைகிறான். ஒவ்வோர் உலகும் வேறொரு கையால் வரையப்பட்டிருக்கிறது. அவன் தோழி குவெனின் உலகம் நீர்வண்ணத்தாலானது. அவள் தன் தந்தையோடு மனம் உடைந்து பேசும்போது சுவர்களின் நிறம் ஈரமாகி வழிகிறது, அவர்கள் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளும்போது நிறம் தெளிகிறது. லண்டனிலிருந்து வரும் ஹோபி என்ற இளைஞன் கிழித்து ஒட்டிய காகிதங்களால் ஆனவன். அவன் உடல் ஒரு வேகத்திலும், சட்டை இன்னொரு வேகத்திலும், கிட்டார் வேறொரு வேகத்திலும் அசைகின்றன. மும்பையும் மன்ஹாட்டனும் கலந்த 'மும்பட்டன்' என்ற நகரம், 1970களின் இந்திரஜால் காமிக்ஸின் சாயலில் வரையப்பட்டது. அங்குள்ள இந்தியச் சிலந்தி மனிதன் பவித்ர் பிரபாகர், 'சாய் டீ' என்று சொல்லிவிட்ட மைல்ஸைத் திருத்துகிறான்: சாய் என்றாலே டீதான், நீ டீ டீ என்கிறாய் என்று. தேயிலை வளரும் மலையில் பிறந்த பிள்ளைகள் அந்த இடத்தில் சிரிப்பது இயல்பு. சீனத்தின் ஒரே செடி தரைவழியே 'சா' என்றும் கடல்வழியே 'தே' என்றும் இரண்டு பெயர்களோடு உலகைச் சுற்றி வந்தது. நம் தேயிலையின் 'தே' கடல்வழியே வந்த பெயர்.

இத்தனை உலகங்களுக்குள் போனாலும் மைல்ஸின் உருவம் அவன் உலகின் கோட்டிலேயே இருக்கிறது. மும்பட்டனின் வண்ணம் அவன் மேல் ஏறுவதில்லை.

இனி நான் பேச வந்த இடத்துக்கு வருகிறேன். எல்லா உலகங்களின் சிலந்தி மனிதர்களையும் ஒன்றுதிரட்டி வைத்திருக்கும் மிகேல் என்ற தலைவன், ஒவ்வொருவர் வாழ்விலும் சில துயரங்கள் விதிக்கப்பட்டவை, அவற்றை மாற்றினால் உலகமே அழியும் என்று நம்புகிறான். மைல்ஸின் தந்தை இறப்பதும் அவற்றுள் ஒன்று. சிறுவன் மறுக்கிறான், நூற்றுக்கணக்கானோர் துரத்துகிறார்கள். கடைசியில் மிகேல் அவனைப் பிடித்து அழுத்திக்கொண்டு ஓர் உண்மையைச் சொல்கிறான்: உன்னைக் கடித்த சிலந்தி உன் உலகத்துச் சிலந்தி அன்று, நீ சிலந்தி மனிதனாக ஆகியிருக்கவே கூடாது, நீயே ஒரு பிழை. அவனிடமிருந்து தப்பிய மைல்ஸ், வழிதவறி வந்தவர்களை அவரவர் உலகுக்குத் திருப்பி அனுப்பும் இயந்திரத்துக்குள் ஏறிக்கொள்கிறான். இயந்திரம் அவன் உடலைச் சோதித்து, அவனுக்குள் கலந்திருக்கும் சிலந்தியின் மரபணுவைப் படிக்கிறது. அது 42ஆம் உலகத்தைச் சேர்ந்தது. ஆகவே அவனை 42ஆம் உலகத்துக்கு, வீட்டுக்கு, அனுப்பிவிடுகிறது.

திரையரங்கின் இருட்டில் நான் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டது அப்போதுதான்.

நான் பிறந்தது இலங்கையின் மஸ்கெலியாவில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறீமாவோ-சாத்திரி ஒப்பந்தம், அங்கிருந்த இந்திய வம்சாவளித் தமிழர் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்றும், மீதிப் பேரைப் பிறகு முடிவு செய்வது என்றும் வகுத்தது. எங்களுக்கு இந்தியா என்று வந்தது. என் தாய்மாமன் வீட்டுக்கு இலங்கை என்று வந்தது. 1976இல், பன்னிரண்டு வயதில், தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில நாட்கள் இருந்து, மலையேறினோம். எங்களைப் போன்றவர்களுக்கு வேலை தரவென்று வனத்துறை 1968இல் தொடங்கிய தோட்டங்கள் இங்கே இருந்தன. டேன்டீ என்று நீங்கள் எல்லோரும் அறிந்தவை. எங்களுக்கு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. என் அப்பாயி இலங்கையில் பிறந்தவர். அவருடைய தாயும் அங்கேயே பிறந்தவர். திரும்புவதற்கு அவர் ஒருமுறையேனும் இங்கிருந்து போயிருக்க வேண்டுமே என்று நான் பிற்காலத்தில் எண்ணிப் பார்த்ததுண்டு. எங்களைச் சோதித்தவர்களும் இரத்தத்தைத்தான் படித்தார்கள், வீட்டைப் படிக்கவில்லை.

அப்பாயிக்கு இங்கே எல்லாம் அங்கே போலவே இருந்தது என்பதுதான் பெரிய துன்பம். அதே தேயிலைச் செடி, அதே சரிவு, காலையில் அதே பனி. முதல் வாரங்களில் விடியற்காலை எழுந்து, பீலி எந்தப் பக்கம் என்று கேட்பார். மலையிலிருந்து குழாய் வைத்து இறக்கிய தண்ணீர் விழும் இடத்தை அங்கே பீலி என்போம். இங்கே அந்தச் சொல் யாருக்கும் தெரியவில்லை. முற்றிலும் அயலான ஊராக இருந்திருந்தால் அவர் பழகியிருப்பார். ஏறக்குறைய ஒன்றாக இருந்த ஊரில் அவர் ஒவ்வொரு நாளும் வழி தவறினார்.

படத்தை எடுத்தவர்களுக்கு நீலகிரியும் தெரியாது, மஸ்கெலியாவும் தெரியாது. ஆனாலும் 42ஆம் உலகை அவர்கள் அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். மைல்ஸ் தன் வீட்டுச் சன்னலேறித் தன் அறைக்குள் இறங்குகிறான். அதே தாய் வருகிறார். இத்தனை நாள் மறைத்த உண்மையை அழுகையோடு சொல்லி முடிக்கிறான், நான்தான் சிலந்தி மனிதன் என்று. சிலந்தி மனிதனா, அது யார், என்கிறார் தாய். அந்த உலகில் சிலந்தி மனிதனே இல்லை. அவனுடைய தந்தை அங்கே சுவரோவியமாக மட்டுமே இருக்கிறார். அங்கேயே பிறந்து வளர்ந்த இன்னொரு மைல்ஸ், அதே முகத்தோடு, அவனெதிரே வந்து நிற்கிறான். அந்த முகத்தைப் பார்த்தபோது மஸ்கெலியாவில் தங்கிவிட்ட என் மாமன் மகனை நினைத்தேன். எங்கள் இருவருக்கும் ஒரே வயது. ஏட்டில் ஒரு வரி மாறியிருந்தால் அவன் இங்கே ஓவியம் கற்பித்திருப்பான். நான் அங்கே கொழுந்து நிறுத்துக்கொண்டிருப்பேன்.

கதை அங்கேயே நின்றுவிடுகிறது. சிறுவன் வீடு போய்ச் சேர்ந்தானா என்று இந்தப் பாகம் சொல்லவில்லை. அது பலருக்குக் குறையாகப் பட்டது; எனக்குப் படவில்லை.

ஓய்வு பெறுவதற்கு முன் நான் எடுத்த வகுப்பு ஒன்றைப் பற்றியும் சொல்கிறேன். கரும்பலகையில் மலை வரைந்து காட்டும்போதெல்லாம் என் கை கூர்மையான ஒரு சிகரத்தைத்தான் வரையும். நம் தொட்டபெட்டா அகன்று உருண்டது, அப்படி இருக்காது. ஆகவே பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும், "ரங்கசாமி மலையா சார்?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு மேலே போவேன். படம் பார்த்து வந்த பிறகு எடுத்த வகுப்பிலும் அதே மலையை வரைந்தேன். அதே கேள்வி வந்தது. இல்லை, இது சிவனொளிபாதமலை, நான் பிறந்த லயத்து வாசலில் நின்றால் தெரியும், இலங்கையில் இருக்கிறது என்றேன். வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது. தோட்டத்து லைன் வீடுகளிலிருந்து வரும் ஒரு சிறுமி மட்டும் கையுயர்த்தி, அங்கேயும் பனி இறங்குமா சார் என்று கேட்டாள். இறங்கும் என்று சொல்லி, சுண்ணக்கட்டியைப் படுக்கவைத்துச் சிகரத்தின் இடுப்பில் மெல்லத் தேய்த்துக் காட்டினேன்.

வணக்கம்.