விலாசம் போன கட்சி

நேயர்களுக்கு வணக்கம். செட்டிநாட்டில் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்யப் போன கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு 'விலாசம்' என்ற சொல் தெரிந்திருக்கும். வீட்டு முகவரியைச் சொல்லவில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்தவர்கள் முன்னெழுத்துகளைக் கோத்துக் கடைக்கு வைத்த பெயர்தான் விலாசம். கணக்குப்பிள்ளை மாறுவார், பெட்டியடியில் உட்காருபவர் மாறுவார். ஊரார் நம்பிக் கொடுப்பது விலாசத்தை நம்பித்தான். அரசியலில் சின்னமும் அப்படியே. தமிழ் மாநில காங்கிரஸின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் இந்தக் கண்ணாடி போட்டுப் பார்க்கலாம்.

1996. அ.தி.மு.க.வோடுதான் கூட்டணி என்று காங்கிரஸ் தலைவர் நரசிம்ம ராவ் முடிவெடுத்ததும் மூப்பனார் வெளியே வந்து தமிழ் மாநில காங்கிரஸைத் தொடங்கினார். தமிழ்நாட்டுக் காங்கிரஸில் பெரும்பகுதி அவர் பின்னால் வந்தது. 'கை' சின்னம் மட்டும் டெல்லியிலேயே தங்கிவிட்டது. தேர்தலுக்கோ சில வாரங்கள்தான். கிடைத்த சின்னம் சைக்கிள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். சுவர் எழுதுபவர் கண்ணோடு பாருங்கள். முதலில் சுண்ணாம்பு இரண்டு பூச்சு. காய்ந்ததும் ஓர் ஆணி, ஒரு நூல், இரண்டு வட்டம். நடுவில் நாலு கோடு, மேலே ஹேண்டில்பார், சைக்கிள் தயார். கை வரையும்போது ஒரு விரல் கோணினாலும் ஊர் சிரிக்கும். சைக்கிளில் கம்பி இரண்டு குறைந்தால் யார் எண்ணுகிறார்கள்? பொடிச்சாயத்தில் வஜ்ரப் பசை சேர்க்க மறந்தால்தான் ஆபத்து. ஒரு மழைக்குச் சக்கரம் வழிந்துவிடும். போதாததற்கு, ரஜினி ஒரு படத்தில் பால்காரராகச் சைக்கிள் ஓட்டிய காட்சி சுவரொட்டிக்குக் கைகொடுத்தது. அவர் குரலும் அந்தக் கூட்டணிப் பக்கமே இருந்தது.

தி.மு.க.வோடு சேர்ந்து நின்ற சட்டமன்றத் தொகுதிகள் 40, வென்றவை 39. நாடாளுமன்றத்துக்கு 20 பேர் போனார்கள். நம் காரைக்குடியிலும் சைக்கிள், சிவகங்கையிலும் சைக்கிள். சிவகங்கை எம்.பி. ப. சிதம்பரம் மத்திய நிதியமைச்சரானார். 1997-இல் தேவகவுடா ஆட்சி கவிழ்ந்தபோது பிரதமர் நாற்காலிக்கு மூப்பனார் பெயரும் பேசப்பட்டது.

ஆனால் கணக்கைப் புரட்டிப் பாருங்கள். அந்தச் சட்டமன்றத் தேர்தலில் கட்சி மாநில அளவில் வாங்கிய வாக்கு சுமார் 9 சதவீதம். 234-இல் 40 இடத்தில் மட்டும் நின்று வாங்கியது, அதிலும் தி.மு.க.காரர் போட்ட ஓட்டு சேர்ந்தது. எவ்வளவு சொந்த முதல், எவ்வளவு கூட்டாளி பணம் என்று பிரித்தெழுத ஒரு பேரேடும் கிடையாது. நடுவழிக் கட்சிகள் வழுக்குகிற இடம் இதுதான். வந்த ஓட்டெல்லாம் நம் முதல் என்று நினைத்துவிடுகிறார்கள்.

1998-இல் அதே கூட்டணி, எம்.பி.க்கள் மூன்று பேர். அதில் சிவகங்கையும் ஒன்று. 1999-இல் தி.மு.க. பா.ஜ.க.வோடு போனது. மூப்பனார் அந்தப் பக்கமும் போகவில்லை, அ.தி.மு.க. பக்கமும் போகவில்லை. புதிய தமிழகத்தையும் விடுதலைச் சிறுத்தைகளையும் சேர்த்துக்கொண்டு மூன்றாவது அணி கட்டினார். சிறுத்தைகளின் தலைவர் திருமாவளவன் சிதம்பரம் தொகுதியில் நின்றதும் சைக்கிளில்தான். கொள்கையாகப் பார்த்தால் கட்சியின் நேர்மையான தேர்தல் அதுவே என்பேன். கிடைத்த இடம் பூஜ்யம். சிவகங்கையில் காங்கிரஸின் சுதர்சன நாச்சியப்பன் ஜெயித்தார், பா.ஜ.க.வின் எச். ராஜா இரண்டாமிடம், முன்னாள் நிதியமைச்சர் மூன்றாமிடம்.

2001-இல் கட்சி யாரை எதிர்த்துப் பிறந்ததோ அந்த அ.தி.மு.க.வோடேயே சேர்ந்தது. 32-இல் நின்று 23-இல் வென்றது. லாபம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கடை திறந்த காரணம் போய்விட்டதே. சிதம்பரம் பிரிந்து காங்கிரஸ் ஜனநாயகப் பேரவை தொடங்கினார். அந்த ஆகஸ்டில் மூப்பனார் காலமானார். அடுத்த ஆண்டே அவர் மகன் ஜி.கே. வாசன் கட்சியைக் காங்கிரஸில் இணைத்தார்.

வாசன் 2014-இல் மறுபடி தொடங்கிய கதையை விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரம் இடம் கொடுக்கவில்லை. விதியை மட்டும் சொல்லிவிடுகிறேன். அங்கீகாரம் இல்லாத கட்சி எல்லாத் தொகுதிக்கும் ஒரே சின்னம் கேட்டால், சட்டமன்றத்துக்கு 5 சதவீத இடத்திலாவது நிற்க வேண்டும். நம் மாநிலத்தில் அது 12 தொகுதி. நாடாளுமன்றத்துக்குக் குறைந்தது இரண்டு. இப்போது பாருங்கள். 2016-இல் 26 இடம், பொதுச் சின்னம் உண்டு, ஆனால் தென்னந்தோப்பு. 2019-இல் தஞ்சாவூர் ஒன்றுதான், ஆட்டோ ரிக்‌ஷா வந்தது. 2021-இல் கூட்டணி கொடுத்தது ஆறு, 12-க்குப் பாதி, அதனால் அ.தி.மு.க.வின் இரட்டை இலையிலேயே நின்றார்கள். அப்படி நின்று ஜெயிப்பவர் சட்டப்படி இலைக்கட்சிக்காரர், அவர்கள் கொறடா சொன்னபடி ஓட்டுப் போட வேண்டும். 2024-இல் ஈரோடு, ஸ்ரீபெரும்புதூர், தூத்துக்குடி என்று மூன்று கிடைக்கவும் சைக்கிள் திரும்பி வந்தது. மூன்றிலும் தோல்வி.

சிதம்பரத்தின் பேரவை பாக்கி இருக்கிறது. 2004-இல் அவர் கை சின்னத்தில் சிவகங்கையில் வென்றார், அதே ஆண்டு பேரவையும் காங்கிரஸோடு கலந்தது. ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கை காட்டுகிறார்கள். சின்னத்தை அல்ல, நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.