கடலில் இருந்த புள்ளிகள்

அவையோருக்கு வணக்கம்.

இந்த மழையிலும் பழைய வரைபடங்களைப் பற்றிக் கேட்க வெள்ளவத்தையில் இத்தனை பேர் கூடியிருப்பது மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபோது அங்கே வந்த கிறிஸ்தவப் போதகர் பால்தேயஸ். அவருடைய நூல் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வரைபடங்களோடு அச்சாயிற்று. நெடுந்தீவின் பெயர் டெல்ப்ட் ஆனதும் வேலணைத் தீவின் பெயர் லைடன் ஆனதும் ஒல்லாந்தர் காலத்தில்தான். அக்காலத்துக் கடல் வரைபடம் ஒன்றை அதே அளவில், அதே நிறத்தில் அச்சிட நாங்கள் சிலர் முயன்றோம்.

முதல் புரூப், அதாவது சரிபார்க்கும் அச்சுப்படி, வந்தது. தாள் பளிச்சென்று இருந்தது. ஒரு கறை இல்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். கரையோரக் கடலில் பொடிப்பொடியாக இருந்த புள்ளிகளைக் காணவில்லை. தூசு என்று நினைத்து அச்சகத்தில் கணினியிலேயே துடைத்துவிட்டார்கள். ஐயா, அவை தூசு அல்ல, மணல் திட்டுகள்! கப்பல் தரைதட்டாமல் இருக்க ஒருவன் ஆழம் பார்த்துப் பார்த்துக் குத்திய புள்ளிகள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அதன்பின் ஒரு முடிவுக்கு வந்தோம்: எதையும் துடைப்பதில்லை. பூச்சி அரித்த ஓட்டை, மடிப்பு, ஈரக்கறை எல்லாம் அப்படியே வரவேண்டும். செம்பிலிருந்து எடுத்த பச்சை வண்ணம் நாளடைவில் தாளையே தின்றுவிடும். பின்பக்கத்தில் பழுப்புக் கோடாகத் தெரியும். அந்தப் பின்பக்கத்தையும் படம் எடுத்தோம். கொழும்பின் ஈரக்காற்றில் தாள் விரியும் என்பதால் பக்கத்திலேயே அளவுகோலை வைத்துத்தான் எடுத்தோம். பைண்டிங்கில் நடுப்பகுதி தையலுக்குள் மறையாதபடி, தாளின் முதுகில் ஒரு துண்டு ஒட்டி அதில் தைக்கச் சொன்னோம். செலவு கூடியதுதான். அதற்காக நான் வருந்தவில்லை.

நெதர்லாந்தில் 2006 முதல் 2010 வரை ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் வரைபடங்களை 7 பெருந்தொகுதிகளாக வெளியிட்டார்கள். நான்காம் தொகுதி முழுவதும் இலங்கைதான். போற்ற வேண்டிய பணி. ஆனால் அதன் விலைக்கு நம் பள்ளிக்கூடம் எதுவும் வாங்க முடியாது. ஒரு தாளாகவேனும் நம் பிள்ளைகளின் கைக்கு வரவேண்டும் என்கிறேன்.

ஒரே இடத்தில் ஒரே பிரதி இருந்தால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. நகல் இருந்தவற்றை மீண்டும் தேடிச் சேர்க்க முடிந்தது. நகல் இல்லாதவை போனவைதான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் காணி உறுதிகளோடு பழைய நில அளவைப் பிளான் ஏதும் சுருட்டிக் கிடந்தால், தயவுசெய்து பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துச் சூட்டில் ஒட்டிவிடாதீர்கள். பிறகு பிரிக்க முடியாது. மடிப்பை நீங்களாக நிமிர்த்தவும் வேண்டாம். இருந்தபடியே எடுத்து வாருங்கள். உங்கள் கண்முன்னே படம் எடுத்துவிட்டு, மூலத்தை அன்றைக்கே உங்கள் கையில் தந்துவிடுகிறோம்.