மெர்ல் ஹாகர்டை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

அடுத்த கேள்வியைப் படிக்கிறேன். "எனக்கு 58 வயது. அமெரிக்க கன்ட்ரி (அந்த ஊர் கிராமிய பாணி இசை) பாடகர் மெர்ல் ஹாகர்ட் பாட்டை இப்போதுதான் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். 'மம்மா ட்ரைட்' பாட்டில் வருவது போல அவர் நிஜமாகவே ஆயுள் கைதியா? ஆல்பங்கள் ஏகப்பட்டது இருக்கிறதே, எதை முதலில் கேட்பது?"

ஆயுள் கைதி இல்லை. ஆனால் ஜெயிலுக்குப் போனது நிஜம். கலிபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்டு பக்கம், பழைய ரயில் பெட்டி ஒன்றையே வீடாக மாற்றிக்கொண்டு வாழ்ந்த குடும்பம். ஒன்பது வயதில் அப்பா இறந்துவிட்டார். அதற்குப் பிறகு பையன் அம்மாவுக்கு அடங்கவில்லை. 1957இல் ஒரு திருட்டு முயற்சியில் மாட்டி, சான் க்வென்டின் சிறைக்குப் போனார். 21 வயது நிறைந்தது அங்கேதான். பாட்டில் அது அப்படியே வருகிறது. பரோலே கிடையாத ஆயுள் தண்டனை என்பது மட்டும் பாட்டுக்காகச் சேர்த்தது. 1960இலேயே பரோலில் வந்துவிட்டார். 1972இல், அப்போது கலிபோர்னியா ஆளுநராக இருந்த ரொனால்ட் ரீகன், முழு மன்னிப்பும் கொடுத்தார்.

அந்தப் பாட்டில் அவர் யாரையும் குறை சொல்வதில்லை, கவனித்தீர்களா? அம்மா தன்னால் முடிந்ததைச் செய்தாள், கேட்காமல் போனது நான்தான், அவ்வளவுதான். இருபது வயதில் கேட்கிறவனுக்கு ஜெயில்தான் காதில் விழும். உங்கள் வயதில் அந்த அம்மாவின் வேதனைதான் காதில் விழும். தாமதமாகக் கேட்க வந்ததில் உங்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

சரி, எதை முதலில்? 1967இலிருந்து 1973 வரை வந்தவற்றை எடுங்கள். 'இஃப் வி மேக் இட் த்ரூ டிசம்பர்' 1973இல் வந்தது. தொழிற்சாலையில் வேலை போன ஒருவர், கிறிஸ்துமஸ் சமயம், கையில் காசில்லை. இந்த வருஷம் ஏன் கொண்டாட்டம் இல்லை என்று சின்ன மகளுக்குப் புரியவில்லை. வேறொருவர் பாடியிருந்தால் அழுது தீர்த்திருப்பார். இவர் குரலை உயர்த்தவே மாட்டார். மெட்டும் இலேசாகத்தான் போகும். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த பாட்டு அது.

அதிலிருந்து நேராக 2000இல் வந்த 'இஃப் ஐ குட் ஒன்லி ஃப்ளை' ஆல்பத்துக்குத் தாவுங்கள். 63 வயதில் பாடியது. குரலில் வயது நன்றாகவே தெரியும், அதுதான் அதன் அழகு. நடுவில் உள்ளதை நிதானமாக நிரப்பிக்கொள்ளலாம்.

'ஓக்கி ஃப்ரம் மஸ்கோகி'யை மட்டும் கடைசிக்கு வையுங்கள். 1969, வியட்நாம் போர்க் காலம். ஹிப்பிகளையும் போர் எதிர்ப்பாளர்களையும் சாடுகிற பாட்டு. கிண்டலா, நிஜமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அதை முதலில் கேட்டால் மனிதரையே ஒரு கட்சிக்காரராக முடிவு கட்டிவிடுவீர்கள்.

இவர் பாட்டுகளில் வரும் எலெக்ட்ரிக் கிட்டாரின் கணீர் சத்தம் பிடித்துப்போனால், அதே பேக்கர்ஸ்ஃபீல்டு பாணியில் பாடிய பக் ஓவன்ஸ் பக்கம் போங்கள். அவருக்குத் தனி வீடியோவே போட வேண்டும், பார்க்கலாம்.