டோஸ்டர் ரிப்பேர் கடை

நேயர்களுக்கு வணக்கம்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பள்ளி ஆண்டுவிழாவுக்கு நாடகம் எழுதிக் கொடுத்தேன். அதில் கண் தெரியாத ஒரு சிறுமி வருவாள். ரொம்ப நல்ல பிள்ளை. பொய் சொல்ல மாட்டாள், கோபப்பட மாட்டாள், கேலி செய்தவர்களை மன்னித்துவிடுவாள். கடைசியில் எல்லோருக்கும் புத்தி சொல்வாள். எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. ஆசிரியர்களும் பாராட்டினார்கள். விழா அன்று அவள் மேடையில் பேச ஆரம்பித்த நேரம் பார்த்து, பந்தலுக்குள் ஒரு தெருநாய் நுழைந்தது. தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் நாய் பக்கம் திரும்பிவிட்டார்கள். நாய் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டது, அவ்வளவுதான். என் கதாநாயகியைவிட அது சுவாரசியமாக இருந்திருக்கிறது.

பின்னால் படித்தபோதுதான் தெரிந்தது, அமெரிக்காவில் இப்படியொரு நாயை வேண்டுமென்றே ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள் என்று. ஒரு தெருவில் நடக்கிற மாதிரி அமைத்த 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சி 1969 நவம்பர் 10 அன்று தொடங்கியது. அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ஜோன் கான்ஸ் கூனி. அவரோடு ஆய்வுப் பொறுப்பில் இருந்தவர் எட்வர்ட் பால்மர். பால்மர் ஒரு குழந்தையை டிவி முன்னால் உட்கார வைப்பார். பக்கத்திலேயே இன்னொரு திரையில் வண்ணப் படங்கள் ஏழரை நொடிக்கு ஒன்றாக மாறிக்கொண்டே இருக்கும். குழந்தையின் கண் எப்போது டிவியை விட்டு அந்தப் பக்கம் போகிறது என்று குறித்துக்கொள்வார்கள். கண் போய்விட்டதா? அந்தக் காட்சியில் ஏதோ சரியில்லை. (ஏழரை என்றால் நமக்குச் சனி நினைவுக்கு வரும். அந்த எழுத்தாளர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.)

நிகழ்ச்சி ஒளிபரப்பாவதற்குச் சில மாதம் முன்பு, 1969 ஜூலையில், ஐந்து மாதிரிப் பகுதிகளைப் பிலடெல்பியாவில் போட்டுப் பார்த்தார்கள். கையால் ஆட்டுவிக்கும் பொம்மைகள் வரும்போது பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்த்தார்கள். தெருவில் பெரியவர்கள் வந்து பேசும் காட்சிகளில் கவனம் சிதறிவிட்டது. உண்மை மனிதர்களையும் பொம்மைகளையும் கலக்கக் கூடாது, பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள் என்று உளவியல் நிபுணர்கள் சொல்லியிருந்ததால் தெருவில் பொம்மையே கிடையாது. ஆனால் நிகழ்ச்சியின் உயிரே அந்தத் தெருதான். நிபுணர்கள் சொன்னதை ஓரமாக வைத்துவிட்டு, பொம்மைக் கலைஞர் ஜிம் ஹென்சனிடம் தெருவில் வசிக்கப் பொம்மைகள் கேட்டார்கள். எட்டடி உயர மஞ்சள் பறவை பிக் பேர்டும், குப்பைத் தொட்டிக்குள் குடியிருந்துகொண்டு எல்லோர் மேலும் எரிந்து விழும் ஆஸ்கரும் அப்படித்தான் வந்தார்கள்.

அந்தத் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கறுப்பின உரிமைத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. குழந்தைகள் நிகழ்ச்சி என்றால் கோட்டை, மாயவனம் என்று அரங்கு போடுவதுதான் வழக்கம். இவர்கள் கறுப்பின மக்களின் பேட்டையான நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி போல ஒரு தெருவைப் போட்டார்கள். பழைய செங்கல் வீடு, வாசற்படி, முனையில் ஒரு கடை. அங்கே கார்டன், சூசன் என்று ஒரு கறுப்பினத் தம்பதி. முதல் நாளில் கார்டன், புதிதாக வந்த சாலி என்ற சிறுமிக்குத் தெருவைச் சுற்றிக் காட்டுகிறார். இவர் பெயர் இது, அவர் கடை அது என்று அறிமுகம் செய்துகொண்டே போகிறார். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனாலும் மிசிசிப்பி மாநிலத்தின் கல்வித் தொலைக்காட்சிக் குழு, பல நிறத்தவரும் கலந்து பழகுகிறார்கள் என்பதற்காகவே 1970-இல் நிகழ்ச்சியை ஒளிபரப்ப மறுத்தது. எதிர்ப்பு கிளம்பி, 22 நாளில் அந்த முடிவைக் கைவிட்டார்கள். பிரசங்கம் எதுவும் இல்லாமலே விஷயம் போய்ச் சேர வேண்டியவர்களுக்குச் சேர்ந்திருக்கிறது.

எல்லாமே சரியாகச் செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. சூசன் ஏன் வீட்டிலேயே இருக்கிறாள் என்று பெண்கள் அமைப்புகள் கேட்டன. அப்புறம் அவர் நர்ஸ் வேலைக்குப் போனார். ஸ்பானிய மொழிக் குடும்பங்களிலிருந்து ஒருவர்கூட இல்லையே என்ற குறை எழுந்தது. 1971-இல் மரியா, லூயிஸ் என்று இருவர் வந்தார்கள். மரியாவாக நடித்த சோனியா மான்சானோ, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் போர்ட்டோ ரிக்கோ குடும்பத்தில் வளர்ந்தவர். சின்ன வயதில் டிவியில் தன்னைப் போன்ற முகத்தைப் பார்த்ததே இல்லை என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அந்த இருவருக்கும் அந்தத் தெருவில் என்ன பிழைப்பு தெரியுமா? ரிப்பேர் கடை. நம் ஊரில் மிக்ஸி, கிரைண்டர் பார்க்கிற கடை மாதிரி, அங்கே டோஸ்டர். நம்மவர்கள் என்றால் முதல் வாரமே திருவிழா உடை உடுத்தி நடனம் ஆட வைத்திருப்போம், "எங்கள் பண்பாட்டில்..." என்று ஒரு விளக்கமும் கொடுக்க வைத்திருப்போம். மரியா கையில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தார்கள். கடை என்று ஒன்று இருந்தால் யாராவது உடைந்த சாமானோடு வந்துதானே ஆக வேண்டும்? கதை தானாக உள்ளே நடந்து வரும். பல வருடம் ஒன்றாக வேலை செய்து, 1988-இல் அந்த இருவருக்கும் கல்யாணம் நடந்தது. மான்சானோ நிஜமாகவே கருவுற்றபோது அதையும் கதையில் சேர்த்தார்கள். மரியாவுக்குக் கேபி என்றொரு மகள் பிறந்தாள். ஸ்பானியம் பேசுகிறவர்களைக் காட்ட வேண்டும் என்ற கோரிக்கையில் தொடங்கியது, கடைசியில் அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்வந்த மாதிரி ஆகிவிட்டது.

எல்லா வகை ஆட்களையும் கணக்குப் பார்த்துச் சேர்த்தால் கதை கெட்டுப்போகும் என்று ஒரு கட்சி இருக்கிறது. அவர்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது. பள்ளி வருகைப் பதிவேடு மாதிரி ஒவ்வொருவரும் வந்து "உள்ளேன் ஐயா" சொல்லிவிட்டுப் போகிற படங்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே கதையைக் கெடுத்தது வந்தவர்களா? வந்தவர்களுக்கு வேலை கொடுக்காத எழுத்தாளரா? என் கண் தெரியாத சிறுமிக்கு நான் ஒரு வேலையும் கொடுக்கவில்லை. அவளுக்கு ஒரு ஆசை இல்லை, ஒரு குறும்பு இல்லை.

சரி, குறும்பு கொடுத்துவிட்டால் போதுமா என்றால், அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கார்டனாக நடித்த மேட் ராபின்சன், ரூஸ்வெல்ட் ஃபிராங்க்ளின் என்ற சிறுவன் பொம்மையை உருவாக்கி அவரே குரல் கொடுத்தார். கறுப்பினப் பிள்ளைகளின் பேச்சு நடை, பாட்டு, துள்ளல், சத்தம் நிறைந்த வகுப்பறை. பலருக்குப் பிடித்திருந்தது. ஆனால் கறுப்பினப் பெற்றோர் சிலர் கோபப்பட்டுக் கடிதம் எழுதினார்கள், எங்கள் பிள்ளைகள் என்றாலே கூச்சல் போடுகிறவர்களா என்று. 1975 வாக்கில் அந்தப் பொம்மையை நிறுத்திவிட்டார்கள். யார் பக்கம் நியாயம் என்று என்னைக் கேட்டால் இரண்டு பக்கமும்தான். பொம்மைகளில் அப்படிப் பெயர் பெற்றவன் அவன் ஒருவன்தான். ஒரு குடும்பத்திலிருந்து ஒரே பையன் பள்ளிக்கூடம் போனால், அவன் சேட்டை செய்யும்போது ஊர் குடும்பத்தையே சொல்லும். நாலு பேர் போனால் "அவன் மட்டும் வாலு" என்று விட்டுவிடும். அவனுக்குத் துணைக்கு, வேறு வேறு சுபாவத்தில் இன்னும் மூன்று பேரைப் பெரிதாகச் சேர்த்திருக்கலாம். சேர்க்காமல் அவனை எடுத்தார்கள்.

காது கேளாதவரான லிண்டா போவ், 70-களின் தொடக்கத்திலிருந்து 2002 வரை அதே தெருவில் லிண்டா என்ற பெயரிலேயே நடித்தார். காது கேட்காது என்பதை மட்டுமே வைத்துத் தனக்குக் காட்சி எழுத வேண்டாம், நகைச்சுவையும் குறைகளும் உள்ள பெண்ணாக எழுதுங்கள் என்பதுதான் அவருடைய விருப்பம். நூலகராக வந்தார். பார்க்லி என்று ஒரு பெரிய சடைநாயும் வளர்த்தார். பாருங்கள், அவர்களுக்கு நாயின் அருமை தெரிந்திருக்கிறது.

இவர்களிடம் எனக்கு மிகவும் மரியாதை வந்த இடம் ஒன்று உண்டு, ஆனால் அதை யாரும் டிவியில் பார்க்கவில்லை. 1992-இல் ஸ்னஃபி என்ற பெரிய யானை போன்ற பொம்மையின் அப்பா அம்மா விவாகரத்து செய்வதாக ஒரு பகுதி எடுத்தார்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளும் டிவி பார்க்கிறார்களே, நியாயமான எண்ணம்தான். முழுவதும் எடுத்து முடித்து, பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். அப்பா அம்மாவுக்கு இன்னும் ஸ்னஃபி மேல் பாசம் இருக்கிறது என்பது பிள்ளைகளுக்கு ஏறவில்லை. வீட்டில் சண்டை வந்தாலே பிரிவுதான் என்று எடுத்துக்கொண்டார்கள். செலவைப் பார்க்காமல் அந்தப் பகுதியைக் கிடப்பில் போட்டார்கள். நல்ல எண்ணத்தில்தானே எடுத்தோம் என்று நானாக இருந்தால் ஒளிபரப்பியிருப்பேன்.

கடைசியாக ஜூலியா. ஆட்டிசம் உள்ள சிறுமி. 2015-இல் இணையக் கதையில் வந்து, 2017 ஏப்ரலில் டிவிக்கு வந்தாள். அவளை இயக்கும் ஸ்டேசி கார்டன், ஆட்டிசம் உள்ள மகனின் தாய். பரவசப்படும்போது கைகளை வேகமாக உதறுவாள் என்பதால் அந்தப் பொம்மைக்கு மாற்றிப் பொருத்த இன்னொரு ஜோடிக் கைகள் செய்திருக்கிறார்கள். பிக் பேர்ட் வணக்கம் சொன்னால் ஜூலியா பதில் சொல்வதில்லை. என்னை இவளுக்குப் பிடிக்கவில்லை என்று அது வருத்தப்படுகிறது. அப்புறம் தொட்டுப் பிடித்து விளையாடும்போது ஜூலியா ஓடுவதற்குப் பதில் குதிக்கிறாள். மற்றவர்களும் குதிக்க, அது ஒரு புது ஆட்டமாகிவிடுகிறது. அவளை யாரும் சகித்துக்கொள்ளவில்லை. அவள் கொண்டுவந்த ஆட்டத்தை ஆடுகிறார்கள். இத்தனை கவனமாகச் செய்தும், பின்னால் ஜூலியாவை வைத்து எந்த அமைப்போடு சேர்ந்து பிரசாரம் செய்வது என்ற விஷயத்தில் கருத்து வேறுபட்டு, ஆட்டிசம் உள்ளவர்களே நடத்தும் ஒரு சங்கம் 2019-இல் அவர்களோடு உறவை முறித்துக்கொண்டது. யாரைப் பற்றிய கதையோ அவர்களிடம் ஒரு தடவை கேட்டுவிட்டால் வேலை முடிந்துவிடுவதில்லை போலிருக்கிறது.

என் நாடகத்தைத் திருத்தி எழுதினேன். அதற்கு முன்னால், பார்வையற்ற பிள்ளைகள் நாலு பேரோடு ஒரு மதியம் உட்கார்ந்து பேசினேன். பேசியதில் பாதி நேரம் என் பழைய கதையைக் கேட்டுச் சிரித்தார்கள். இப்போது என் சிறுமி பக்கத்துத் தோட்டத்தில் புளியங்காய் திருடுகிறாள். காவல்காரர் செருப்புச் சத்தம் மற்றவர்களுக்கு முன்னால் அவளுக்குத்தான் கேட்கிறது. கேட்டும் சொல்லாமல், மடியை நிரப்பிக்கொண்டு தான் மட்டும் நழுவிவிடுகிறாள். போன வருடம் வேறொரு பள்ளியில் போட்டோம். பிள்ளைகள் மேடையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு நாய் எதுவும் வரவில்லை, அதனால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

வணக்கம்.